ஒரு பாசித் துண்டு கரையேறிய கதை

இராமேசுவரம் தீவின் வடகரையில் சம்பை, ஓலைக்குடா, வடகாடு என்று போனால், கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மூங்கில் மிதவைகள் வரிசையாக அலையோடு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரம். அலை அடித்தாலும் சதுரம் கோணிவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் குறுக்காக மூங்கில் துண்டு வைத்து இறுக்கியிருப்பார்கள். சட்டத்துக்குக் குறுக்கே 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிடி பாசி. ஒரு பிடி என்றால் 150 கிராம். ஆக மொத்தம் 60 கிலோ. மீன் வந்து மேயாமல் இருக்க அடியில் வலை. 45 நாள் கழித்துத் தூக்கினால் 240 கிலோவுக்குக் குறையாமல் நிற்கும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காயப்போடுவார்கள். பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும்.

இந்தப் பாசி பாக் நீரிணையில் பிறந்ததில்லை. கப்பாபைகஸ் அல்வரேசி என்பது அறிவியல் பெயர். இராமநாதபுரம் கரையில் அதைப் பெப்சி பாசி என்பார்கள். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் குழையாமல் பிடித்துவைக்கும் கராஜீனன் என்ற பசைப்பொருளுக்காகத்தான் உலகமெங்கும் இதை வளர்க்கிறார்கள். அது கடந்து வந்த தூரம் பெரியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அது கைமாறிய ஒவ்வொரு கரையிலும், பள்ளி வயதை எப்போதோ கடந்துவிட்ட மனிதர்கள், பிள்ளைகுட்டியும் கடனும் உள்ளவர்கள், முன்பின் அறியாத ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கே கற்றுக்கொண்டார்கள், எங்கே கற்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள் என்பதை இந்தப் பாசியைப் பின்தொடர்ந்து போனால் பார்த்துவிடலாம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்கோடியில் சூலு கடலை ஒட்டிய தீவுகளில் இது இயற்கையாக வளர்ந்தது. 1960களில் கராஜீனனுக்கு அடிபிடி வந்ததும் காட்டுப்பாசியை வழித்தெடுத்து விற்றார்கள், பாசி குறைந்தது. அப்போதுதான் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி, இதை எடுப்பதைவிட நட்டு வளர்க்க முடியுமா என்று இறங்கினார். விதை தேவையில்லை. ஒரு கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் அதுவே செடியாகும். 1970களின் தொடக்கத்தில் தாவி-தாவித் தீவுகளில் அது கைகூடியது. டோட்டி 1985இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, களத்தில் தன்னோடு உழைத்த விசென்டே அல்வரேஸின் பெயரையே சூட்டினார். ஆய்வாளர் பெயரும் முதலாளி பெயரும் தாங்கிய உயிரினங்கள் ஏராளம். கடலில் நின்று நட்டுக் காட்டியவரின் பெயர் நிலைத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

அங்கேயே முதல் பாடம் ஒன்று கிடைத்துவிட்டது. கூலிக்கு ஆள் வைத்துப் பெரிய அளவில் நடத்த முயன்ற பண்ணைகளால், ஒரு குடும்பம் தன் கயிற்றைத் தானே பார்த்துக்கொண்ட சிறு பண்ணைகளோடு போட்டிபோட முடியவில்லை. கூலியாள் சொன்னதைச் செய்வார். குடும்பமாக நட்டவர்கள் நீரோட்டம் மாறினால் கயிற்றை நகர்த்தினார்கள், நலிந்த கிளையை உதறினார்கள், நாளுக்கு நாள் ஒன்றைக் கவனித்தார்கள். பிழைத்தால் தனக்கு, கெட்டாலும் தனக்கு என்ற நிலை வரும்போது வளர்ந்த மனிதர்களின் கவனம் கூர்மையாகிறது. அதற்கு வாத்தியார் தேவைப்படுவதில்லை.

பிலிப்பைன்ஸ் பாசி ஜப்பானின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து 1984இல் இந்தியாவுக்கு வந்தது. வரவழைத்தது பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1990களின் நடுவில் மண்டபத்தில் உள்ள அதே நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. ஆய்வாளர்கள் மிதவை அளவையும் கயிற்று இடைவெளியையும் அறுவடை நாளையும் சோதித்துத் தீர்மானிக்க அடுத்த சில ஆண்டுகள் போயின. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாசி இன்னும் கரைக்காரர் கைக்கு வரவில்லை.

கரையில் காத்திருந்தவர்கள் யார் என்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும். பாம்பன் சின்னப்பாலம், பாரதிநகர் போன்ற ஊர்களில் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வருகிறார்கள். பாறை கிழிக்காமல் விரல்களில் துணிச்சுருள் சுற்றிக்கொள்வார்கள், காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. அகாருக்குப் போகும் மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் நிற்கும், கஞ்சிப்பாசி எந்த மணலோரம் கிடக்கும், கட்டக்கோரை எந்த மாதம் முற்றும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் நீர் எப்போது வற்றும் என்று நாள்காட்டி பார்க்காமல் சொல்வார்கள். பாசி மீண்டும் முளைக்க இடம் விட வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பதாக அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் சர்வதேச விருதான சீகாலஜி விருது பெற்றது இந்தப் பணிக்காகத்தான்.

இவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். திட்ட ஆவணங்களில் 'படிப்பறிவு குறைந்த பயனாளிகள்' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. வளர்ந்தவர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர் செய்யும் முதல் பிழை அங்கே தொடங்குகிறது: எதிரே இருப்பவர் தலையை வெறும் பானையாக நினைத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பிப்பது. குழந்தைக்கு அனுபவம் இனிமேல்தான் சேர வேண்டும். நாற்பது வயதுப் பெண் அனுபவத்தோடுதான் வந்து உட்காருகிறார். புதிய பாடம் அதில் எங்கேயாவது கொக்கி மாட்டிக்கொண்டால் நிற்கும். இல்லாவிட்டால் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் 1970இல் பெரியவர் கல்வி பற்றி எழுதிய நூல் இந்தக் கருத்தைத்தான் கல்வித்துறைக்குள் ஊன்றிவைத்தது. நம்மூரில் அதைக் கரையில் நின்றே பார்க்க முடிந்தது.

2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஆய்வு நிலையத்தின் தொழில்நுட்பத்தை வாங்கி இங்கே ஒப்பந்த முறையில் பாசி வளர்க்கத் தொடங்கியது. பாசிக்கு ஊர்ப்பெயர் வந்தது அப்போதுதான். பிறகு 2008இல் அந்தத் தொழில் அக்வாஅக்ரி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. சுய உதவிக் குழுக்கள் வந்தன, வங்கிக் கடன் வந்தது, மானியம் வந்தது. மீனவக் குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் குழுவுக்கு ஐந்து பேராகச் சேர்ந்தார்கள்.

இதில் ஒரு விஷயம் தற்செயலாக நன்றாக அமைந்தது. பாசித் தொழிலின் கடைசிப் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மணலும் சிப்பியும் ஒட்டாமல் காயவைப்பது, ஈரம் எவ்வளவு இருந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார் என்பது, எடை போடும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்பது எல்லாம் கைவந்தவை. புதிதாகக் கற்க வேண்டியது முதல் பாதி: கிளையைத் தேர்ந்தெடுப்பது, ஒடிப்பது, கட்டுவது, மிதக்கவிடுவது. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களைக் கவனித்தார். அங்கே பழகுகிறவர் கையில் முதலில் கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை. தைத்து முடித்த துணிக்குப் பொத்தான் வைப்பது, ஓரம் அடிப்பது என்று கடைசி வேலையில் தொடங்கி, பிறகு தைப்பது, எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வெட்டுவது. முழு உடை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகே வெட்டும் பொறுப்பு வருகிறது. வெட்டில் பிழை வந்தால் துணி போச்சு. பொத்தானில் பிழை வந்தால் பிரித்து மறுபடி வைக்கலாம். பாம்பன் பெண்களும் அந்த வரிசையில்தான் வந்திருந்தார்கள். விற்பனைக்குத் தயாரான பாசியை அறிந்தவர்களுக்கு நாற்றுப்பாசி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது கடினமாக இருக்கவில்லை.

இனி மிதவைக் கணக்குக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் ஒருவருக்கு 45 மிதவை என்று கணக்கு வைத்தார்கள். ஐந்து பேர் குழுவுக்கு 225. பயிர்க்காலம் 45 நாள் என்பதால் நாளுக்கு ஒரு மிதவை நட்டு, 46ஆம் நாள் முதல் மிதவையை அறுத்து அதிலேயே மறுபடி நட்டால், தினமும் ஒரு அறுவடை, தினமும் ஒரு நடவு, தினமும் கையில் கொஞ்சம் காசு. வருமானத்தைச் சீராக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட யாரும் இதைவிட நல்ல பாடத்திட்டம் வகுத்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

ஒரு நெல் விவசாயி வாழ்நாளில் எத்தனை நடவு பார்ப்பார்? போகத்துக்கு ஒன்று. ஒரு பிழை செய்தால் திருத்திப் பார்க்க அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என்ன செய்தோம் என்பதே மங்கிவிடும். மிதவைக்காரப் பெண்ணுக்கு நேற்றைய முடிச்சின் தவறு இன்றைய முடிச்சில் திருந்துகிறது. இறுக்கிக் கட்டினால் கிளை நசுங்கி ஒடியும், தளர்த்தினால் அலை பிடுங்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு இறுக்கம் உண்டு, அதைச் சொல்லில் சொல்ல முடியாது. விரல்தான் கண்டுபிடிக்கும். அதோடு, ஒரே நாளில் கடலில் நடந்து போனால் ஒரு நாள் வயதுப் பாசியிலிருந்து 45 நாள் வயது வரை எல்லாப் பருவமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பத்தாம் நாள் மிதவையில் நிறம் வெளிறினால் இருபதாம் நாள் மிதவையோடு ஒப்பிட்டு, குறை நாற்றிலா தண்ணீரிலா என்று அங்கேயே யோசிக்கலாம். அடியில் கட்டிய வலையில் எந்த மூலை கிழிந்தது, ஓரா மீன் எந்தப் பக்கம் புகுந்து மேய்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஐந்து பேர் குழுவாக இருப்பதால் பக்கத்துப் பெண்ணின் மிதவை ஏன் தன்னுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது என்ற கேள்வி தினமும் எழும். பதில் சொல்லப் பக்கத்திலேயே ஆள் இருக்கும், அதுவும் தன் பேச்சில்.

வளர்ந்தவர்கள் வகுப்புக்கு வராமல் போவதற்குச் சோம்பல் காரணமில்லை. அன்றைய கூலி போகும், அடுத்தவர் முன் தெரியவில்லை என்று காட்டிக்கொள்வது கூச்சம், கற்றது நாளைக்கு உதவுமா என்ற சந்தேகம். அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. எழுத்தின் பலன் தெரிய மாதக்கணக்காகும். சைக்கிளின் பலன் மறுநாள் தண்ணீருக்குப் போகும்போதே தெரியும். அந்தப் பலன்தான் எழுத்து வகுப்புக்கும் ஆளைத் தக்கவைத்தது. பாக் நீரிணையின் மிதவைகள் கூலி, கூச்சம், சந்தேகம் மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை வைத்திருந்தன. பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. 2001இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2012-13இல் 1,490 டன்னை எட்டியது.

பிறகு விழுந்தது. 2013க்குப் பின் கடல் சூடேறிப் பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது. கிளைகள் பனிக்கட்டி போல வெளுத்து, வெளுத்த இடத்தில் முறிந்து விழும் நோய் இது. உலகமெங்கும் இந்தப் பாசியை வளர்ப்பவர்கள் அஞ்சும் நோய். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் நீடித்தாலோ, மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலோ, நீரோட்டம் நின்றாலோ செடி தளரும். தளர்ந்த செடியில் நுண்ணுயிர் ஏறும். பல குடும்பங்கள் மிதவையைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போயின.

சூடு யார் கையிலும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கரையில் இருந்தவர்களிடம் என்ன ஆயுதம் இருந்தது என்று கேட்டாக வேண்டும். இத்தகைய பயிற்சிகளின் எடையெல்லாம் எப்படிச் செய்வது என்பதன் மேல்தான் இருக்கும்: இத்தனை கயிறு, இத்தனை முடிச்சு, இத்தனை நாள். ஏன் 45 நாள், ஏன் 150 கிராம், ஏன் இந்த ஆழம் என்பது ஆய்வு நிலையத்துச் சுவருக்குள் தங்கிவிடுகிறது. எல்லாம் சரியாகப் போகும்வரை ஏன் என்பது தேவைப்படாது. நிலைமை மாறும் நாளில் அது ஒன்றுதான் தேவை. 45 என்ற எண்ணைப் பாடமாகப் படித்தவருக்கு, வெப்பமான மாதத்தில் 30ஆம் நாளே அறுத்துத் தப்பிக்கலாமா, மிதவையை ஓட்டமுள்ள ஆழத்துக்கு இழுத்துப் போகலாமா, கயிற்றை இன்னும் கீழே இறக்கிக் கட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கப் பிடிமானம் கிடைக்காது. வளர்ந்தவர்களுக்குச் சிக்கலானதைச் சொல்லிக் குழப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் ஏன் என்பதை விட்டுவிடுகிறார்கள். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் கடல் எப்படித் திரும்பும் என்று அறிந்த பெண்ணுக்கு, உப்பும் சூடும் பாசியை என்ன செய்யும் என்பது புரியாத சங்கதி என்று எப்படி நினைத்தார்களோ!

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளிகளை நடத்தியது. அங்கே எந்த மருந்தை எத்தனை மில்லி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாரம் ஒருநாள் வயலில் இறங்கி, தூரைப் பிரித்துப் பூச்சிகளை எண்ணி, எது பயிரைத் தின்கிறது, எது அந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தாளில் படம் வரைந்து, குழுவாக உட்கார்ந்து வாதாடி, இந்த வாரம் என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். சிலந்தியையும் புகையானையும் ஒரு கூண்டில் விட்டு மறுநாள் எண்ணிப் பார்த்தார்கள். வாத்தியார் கேள்வி கேட்பதோடு சரி. மருந்து கடைக்காரர் வந்து பயமுறுத்தினாலும் அந்த விவசாயி அசையமாட்டார். அவர் கண்ணால் கண்டதல்லவா. அந்த முறை தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. பாசி மிதவைக்கு அதை அப்படியே பொருத்தலாம். ஒரு வெப்பமானி, உப்பு அளக்கும் சிறு கருவி, ஒரு நோட்டு, ஐந்து பேர் குழு. இரண்டு மிதவையை மட்டும் சோதனைக்கென்று ஒதுக்கி, ஒன்றை 30 நாளிலும் மற்றதை 45 நாளிலும் அறுத்து எடை போட்டால் போதும். தப்பினால் நட்டம் இரண்டு மிதவையோடு நிற்கும்.

பாசியின் பயணத்தில் இன்னொரு கிளை பிரிகிறது. அது மனிதர் நடாத இடத்துக்குப் போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அயல் பாசியைப் பூங்காப் பக்கம் வளர்க்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2005இல் ஆணையிட்டது. அப்படியும் 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் கப்பாபைகஸ் படர்ந்து பவளத்தை மூச்சடைக்கச் செய்வதை ஆய்வாளர்கள் கரண்ட் சயன்ஸ் இதழில் பதிவு செய்தார்கள். வனத்துறை ஆள்விட்டுக் கையால் பிடுங்கி எடுத்தது. துண்டு மிச்சம் இருந்தால் மறுபடி படரும். ஒடித்துக் கட்டினால் செடியாகும் என்ற அதே குணம், நடவில் வரமாகவும் பவளத்தில் சாபமாகவும் இருக்கிறது. இதை ஒரு பாடமாக நடத்த வேண்டியவர்கள் யார்? பவளத்தை ஆய்வாளர்களைவிட அதிகமாகக் கண்ணெதிரே பார்ப்பவர்கள் அந்தப் பாசி எடுக்கும் பெண்கள்தான். பூங்கா எல்லைக்குள் போனால் வனத்துறை பிடிக்குமே என்ற பயம் அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது. குற்றவாளியாக நடத்தப்படுகிறவர் தான் கண்டதை வந்து சொல்லமாட்டார். கற்பித்தலுக்கு நம்பிக்கை வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதை இங்கே மிகக் குறிப்பாகப் பார்க்கலாம்.

இப்போது பாசி அடுத்த கட்டத்துக்குக் காத்து நிற்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாய்த் திட்டமாகப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாற்றங்கால், ஆய்வகம், பயிற்சி எல்லாம் அதற்குள் வரும். பழைய நாற்று நலிந்துவிட்டது. 1984இல் வந்த பாசியின் துண்டுகளையே வெட்டி வெட்டி நட்டு வருவதால் அதன் வீரியம் குறைந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உயிர்ப்பாசி கொண்டுவரும் நெறிமுறைகளை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. புதிய நாற்று வரும், அதோடு புதிய பயிற்சியும் வரும்.

அந்தப் பயிற்சியைப் பற்றி நான் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன காரியங்கள். பெண்கள் பாசி எடுக்கும் அந்த 12 நாளில் வகுப்பு வைக்கக் கூடாது. நீர் வற்றும் நேரத்தை விட்டு நேரம் குறிக்க வேண்டும். வகுப்புக்கு வரும் நாளுக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். படி என்றோ சன்மானம் என்றோ எந்தக் கணக்கில் எழுதினாலும் சரி. பாடம் மண்டபத்துக் கூரையின் கீழே நடப்பதைவிட இடுப்பளவு தண்ணீரில் மிதவையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். புதிய நாற்று எத்தனை டிகிரி தாங்கும், ஏன் தாங்கும், எந்த அறிகுறி தெரிந்தால் எத்தனை நாளுக்குள் அறுக்க வேண்டும் என்பதை ஆய்வாளர் தமிழில், இந்தக் கரையின் காற்றுப் பெயர்களோடு, சொல்ல வேண்டும். சம்பையிலும் ஓலைக்குடாவிலும் 2013ஐக் கடந்து வந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வாரம் பாசி வெளுக்கத் தொடங்கியது, எந்த மூலையில் இருந்த மிதவை தப்பியது என்று அவர்களுக்கு நினைவிருக்கும். வளமாவூரில் பயிற்றுநர் பணியிடம் நிரப்பும்போது அவர்களில் சிலருக்கு மாதச் சம்பளத்தோடு நியமன ஆணை கொடுக்க வேண்டும். கல்வித்தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அதிகாரிகள் தயங்கினால், கடலில் இருந்த ஆண்டுகளை அங்கே எழுதிக்கொள்ளட்டும்.